ஒரே இருக்கைக்கு இருவர்

அம்பத்தூரிலோ, ஆவடியிலோ, பூந்தமல்லியிலோ வாழும் ஒரு குடும்பத்துக்கு விமானப் பயணம் என்பது ஒரு தலைமுறைக்கு முன்பு தெருவே பேசும் செய்தியாக இருந்தது. வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் புறப்படும் ஒருவரை வழியனுப்ப, வேன் பிடித்துக்கொண்டு உற்றார் உறவினர் அனைவரும் மீனம்பாக்கம் வரை சென்று வந்த காலம் அது. இன்றோ, தொழிற்பேட்டையில் பணிபுரியும் இளைஞர் கம்பெனி வேலையாகக் காலையில் புனே சென்று இரவில் திரும்புகிறார். பேரக்குழந்தையைப் பார்க்கப் பாட்டி தனியாகத் தில்லிக்குப் பறக்கிறார். இறுதிச் சடங்குக்கும், திருமணத்துக்கும், அறுவைச் சிகிச்சைக்கும் விரைந்து செல்வோர் விமானத்தையே நாடுகின்றனர்.

இவ்வாறு விமானம் சாதாரணக் குடும்பங்களின் வாகனமாகிவிட்ட நிலையில், அதன் ஒரு விசித்திரமான வழக்கத்தை நம்மில் பலர் இன்னும் அறியாதிருக்கிறோம். முழுப் பணம் செலுத்தி, உறுதி செய்யப்பட்ட டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, குறித்த நேரத்துக்கு முன்பே கவுன்டரில் போய் நிற்கும் ஒருவரிடம், "மன்னிக்கவும், விமானத்தில் இடமில்லை" என்று கூற நேரிடலாம். பெட்டியும் கையுமாக நிற்கும் அவருக்கு ஒன்றும் விளங்குவதில்லை. "பணம் வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுத்தீர்களே, இடம் எங்கே போயிற்று?" என்பது அவருடைய கேள்வி. அந்த நியாயமான கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருப்பதைவிட அதிகமாக விற்பது

ஒரு விமானத்தில் 180 இருக்கைகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். விமான நிறுவனம் சில வேளைகளில் 180 டிக்கெட்டுகளோடு நிறுத்திக்கொள்ளாமல், 183 அல்லது 185 டிக்கெட்டுகளை விற்கிறது. இருக்கைகளுக்கு மேற்பட்டு முன்பதிவு செய்யும் இவ்வழக்கம் உலகின் பல நாடுகளில் பல்லாண்டுகளாக இருந்து வருகிறது. இது கள்ளச் சந்தை வியாபாரமன்று. கணக்குப் பார்த்துத் தெரிந்தே செய்யப்படுவது.

அந்தக் கணக்கு எளிமையானது. டிக்கெட் வாங்கிய அனைவரும் விமான நிலையத்துக்கு வந்து சேர்வதில்லை. ஒருவருக்குக் காய்ச்சல், மற்றொருவர் போரூர்ச் சந்திப்பின் நெரிசலில் சிக்கிக்கொள்கிறார், வேறொருவருடைய முந்தைய விமானம் தாமதமாகிவிடுகிறது. இவர்களுடைய இருக்கைகள் காலியாகவே பறக்கின்றன. விமானம் தரையை விட்டு எழும்பிய பிறகு காலி இருக்கையை விற்க வழியில்லை. மாலையில் மிஞ்சிய பூவையாவது மறுநாள் பாதி விலைக்குக் கொடுத்துவிடலாம். பறந்துவிட்ட இருக்கைக்கு மறுநாள் என்பது கிடையாது.

ஆகவே, வராமற்போகக்கூடியவர்களின் எண்ணிக்கையை முன்கூட்டியே மதிப்பிட்டு, அந்த அளவுக்கு அதிகமாக விற்கிறார்கள். ஓர் உதாரணத்தால் இதை விளக்கலாம். டிக்கெட் வாங்கியவர்களில் நூற்றுக்கு 95 பேர் வருவதாகக் கொள்வோம். 180 டிக்கெட்டுகள் மட்டுமே விற்றால், சராசரியாக 171 பேரே வருவர். 9 இருக்கைகள் வீணாகும். 185 டிக்கெட்டுகள் விற்றால், சராசரியாக 176 பேர் வருவர். 180-க்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்து சிக்கல் ஏற்படுவது, கணிதப்படி நூறு பயணங்களில் ஏறக்குறைய நான்கில்தான். அந்த நான்கு நாட்களில் வெளியே நிறுத்தப்படும் ஓரிருவருக்கு நஷ்டஈடு கொடுத்தாலும், மீதி நாட்களில் கிடைக்கும் வருவாய் அதைவிடப் பன்மடங்கு அதிகம்.

நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் குறை காண்பது கடினம். ஆனால் அந்த நான்கு நாட்களில் ஒரு நாள், கவுன்டரின் முன் நிற்பவர் தம் தாயின் அடக்கத்துக்குச் செல்பவராகவும் இருக்கக்கூடும். அவருக்கு அது நூற்றில் நான்கன்று, நூற்றுக்கு நூறு.

ரயிலில் இல்லாத ஒளிவுமறைவு

நமக்கு இது முற்றிலும் புதியதென்று கூற முடியாது. ரயில்வேயில் ஆர்.ஏ.சி. என்ற முறையை நாம் அனைவரும் அறிவோம். பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையில் முன்பின் அறியாத இருவர் எதிரெதிரே அமர்ந்து, ரத்தாகும் டிக்கெட்டுக்காகப் பரிசோதகரின் முகத்தைப் பார்த்தபடியே பயணம் செய்வதும் நமக்குப் பழக்கமானதே. அங்கும் இருக்கும் படுக்கைகளைவிட அதிகமான பேருக்கு இடம் அளிக்கப்படுகிறது. அதற்கு அடுத்தபடியாகக் காத்திருப்போர் பட்டியலும் உண்டு.

எனினும் இரண்டுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உள்ளது. ரயில்வே, டிக்கெட் கொடுக்கும்போதே உண்மையைச் சொல்லிவிடுகிறது. உமக்கு அமர இடம் உண்டு, படுக்க இடம் உறுதியில்லை என்பது அந்தச் சீட்டிலேயே அச்சாகியிருக்கிறது. தெரிந்தே வாங்குகிறோம், தெரிந்தே ஏறுகிறோம். விமான டிக்கெட்டிலோ 180 பேருக்கும் உறுதி என்றே எழுதப்படுகிறது. 181-ஆம் நபருக்கும் அதே சொல்தான். வரிசையில் தாம் கடைசி ஆள் என்பது அவருக்குக் கவுன்டருக்கு வந்த பிறகே தெரிகிறது. இட நெருக்கடியை எவரும் மன்னித்துவிடுவர். மறைத்ததைத்தான் மன்னிப்பது அரிது.

இந்தியன் ஏர்லைன்ஸ் உள்நாட்டு வானில் தனியாகக் கோலோச்சிய நாட்களை மூத்த வாசகர்கள் நினைவுகூரக்கூடும். டிக்கெட்டில் "ஓ.கே." என்ற இரண்டு எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்த்துப் பார்த்து மகிழ்ந்த காலம் அது. தொடர்பயணத்தையும் திரும்பும் பயணத்தையும் 72 மணி நேரத்துக்கு முன்பே மறு உறுதி செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் அன்று வழக்கத்தில் இருந்தது. யார் வருவார், யார் வரமாட்டார் என்பதை அறிந்துகொள்ளும் முயற்சியே அது.

அக்காலத்தில் அதிகமாக விற்பதற்கு ஒரு நியாயம் சொல்லப்பட்டது. டிக்கெட் வாங்கியவர் வராவிட்டாலும் பணத்தைப் பெரும்பாலும் திரும்பப் பெற்றுக்கொள்வார். அடுத்த விமானத்திலும் அதே டிக்கெட்டில் ஏறிக்கொள்வார். ஆகவே காலி இருக்கையின் நஷ்டம் முழுவதும் நிறுவனத்தையே சேர்ந்தது. இன்று குறைந்த கட்டண டிக்கெட்டுகளில் நிலை வேறு. வராதவருடைய கட்டணத்தின் பெரும்பகுதியை நிறுவனமே வைத்துக்கொள்கிறது. அப்படியானால், ஏற்கெனவே ஒருவரிடம் விலை பெற்றுவிட்ட இருக்கையை மற்றொருவருக்கும் விற்பது எவ்வளவு தூரம் முறையாகும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. காலி இருக்கையின் நஷ்டம் என்ற பழைய வாதம் இன்று அரைகுறையாகவே நிற்கிறது.

யாரை வெளியே நிறுத்துவது?

இடம் ஒன்று; வந்தவர் இருவர். இப்போது எவரை நிறுத்துவது? இந்தக் கேள்வியை உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்த நிகழ்ச்சி அமெரிக்காவில் நடைபெற்றது. 1972 ஏப்ரல் 28 அன்று, நுகர்வோர் உரிமைக்காகப் போராடிப் புகழ்பெற்ற ரால்ஃப் நேடர், வாஷிங்டனிலிருந்து ஹார்ட்ஃபோர்டு செல்ல அலெகெனி ஏர்லைன்ஸ் விமானத்தில் இடம் பதிவு செய்திருந்தார். விமானத்தில் இடமில்லை என்று அவர் நிறுத்தப்பட்டார். அவர் வழக்குத் தொடர்ந்தார். தான் அதிகமாக விற்பதை நிறுவனம் பயணிகளிடம் சொல்லாமல் மறைத்தது என்பதே அவருடைய குற்றச்சாட்டு. அத்தகைய வழக்கை நீதிமன்றம் விசாரிப்பதற்குத் தடையில்லை என்று 1976-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதற்கு முன்பே, 1968-இல், ஜூலியன் சைமன் என்ற பொருளாதார அறிஞர் ஓர் எளிய யோசனையைக் கூறியிருந்தார். நிறுவனம் தன் விருப்பப்படி ஒருவரைப் பிடித்து நிறுத்துவதை விட்டு, பயணிகளிடமே கேட்கட்டும்: "எவ்வளவு கொடுத்தால் நீங்கள் அடுத்த விமானத்தில் போகச் சம்மதிப்பீர்கள்?" மிகக் குறைவாகக் கேட்பவருக்கு அந்தத் தொகையைக் கொடுத்துவிட்டால் போதும். அவசரமில்லாதவர் மகிழ்ச்சியோடு இருந்துவிடுவார். அவசரமானவர் நிம்மதியோடு பறந்துவிடுவார். கேட்பதற்கு இனிமையான இந்த யோசனையை விமான நிறுவனங்கள் பத்தாண்டுகள் ஏற்கவில்லை. நேடர் வழக்குக்குப் பின்னர், 1978-இல்தான், முதலில் விருப்பமுள்ளவர்களைக் கேட்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் வந்தது.

விதி இருந்தால் மட்டும் போதாது என்பதை 2017 ஏப்ரல் 9 அன்று சிகாகோ நகரில் நடந்தது எடுத்துக்காட்டியது. யுனைடெட் எக்ஸ்பிரஸ் விமானத்தில் பயணிகள் அனைவரும் ஏறி அமர்ந்த பிறகு, மறு ஊரில் பணிக்குச் செல்ல வேண்டிய நான்கு ஊழியர்களுக்கு இடம் தேவைப்பட்டது. 800 டாலர் வரை தருவதாகக் கூறியும் எவரும் இறங்க முன்வரவில்லை. நிறுவனம் நான்கு பேரைத் தேர்ந்தெடுத்தது. அவர்களுள் 69 வயதான ஒரு மருத்துவர், மறுநாள் நோயாளிகளைப் பார்க்க வேண்டும் என்று கூறி எழ மறுத்தார். பாதுகாப்பு அலுவலர்கள் அவரை இருக்கையிலிருந்து பிடுங்கி, இரத்தம் வழியும் முகத்தோடு இடைவழியில் இழுத்துச் சென்றனர். சக பயணிகள் எடுத்த படம் உலகெங்கும் பரவியது. அந்த மாதம் முடிவதற்குள், விட்டுக்கொடுப்பவருக்கு 10,000 டாலர் வரை கொடுக்கலாம் என்றும், அமர்ந்துவிட்ட பயணியைப் பாதுகாப்புக் காரணமின்றி எழுப்பக்கூடாது என்றும் அந்நிறுவனம் தன் விதிகளை மாற்றிக்கொண்டது. முதலிலேயே இன்னும் சிறிது உயர்த்திக் கேட்டிருந்தால், எவரேனும் ஒருவர் மகிழ்ச்சியோடு எழுந்திருப்பார்.

நம் நாட்டுச் சட்டம் கூறுவது

நம் நாட்டில் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ., 2010 ஆகஸ்ட் மாதத்தில் இதற்கென விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அப்போது நஷ்டஈட்டின் உச்ச அளவு ரூ.4,000. அத்தொகை மிகக் குறைவு என்ற எண்ணம் வலுப்பெறவே, 2016 ஆகஸ்ட் முதல் அது உயர்த்தப்பட்டது. ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டிய விதிகள் இவை:

முதலாவதாக, இருக்கைகளைவிட அதிகமான பயணிகள் உரிய நேரத்தில் வந்துவிட்டால், தாமாக விட்டுக்கொடுக்க யாரேனும் முன்வருகிறார்களா என்று நிறுவனம் முதலில் கேட்க வேண்டும். அவர்களுக்கு என்ன சலுகை தருவது என்பது நிறுவனத்தின் விருப்பம்.

இரண்டாவதாக, ஒருவரை அவருடைய விருப்பத்துக்கு மாறாக நிறுத்தினால், முதல் விமானம் புறப்படும் நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் புறப்படும் வேறு விமானத்தில் இடம் கொடுத்துவிட்டால் நஷ்டஈடு இல்லை.

மூன்றாவதாக, ஒரு மணி நேரத்துக்கு மேல், ஆனால் 24 மணி நேரத்துக்குள் புறப்படும் விமானத்தில் இடம் கொடுத்தால், ஒரு வழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையில் 200 சதவீதம் தர வேண்டும். இதன் உச்ச வரம்பு ரூ.10,000.

நான்காவதாக, 24 மணி நேரத்துக்கும் பிறகே இடம் கிடைத்தால், அதே தொகையில் 400 சதவீதம் தர வேண்டும். இதன் உச்ச வரம்பு ரூ.20,000.

ஐந்தாவதாக, மாற்று விமானமே வேண்டாம் என்று பயணி கூறிவிட்டால், டிக்கெட்டின் முழுப் பணத்தையும் திருப்பித் தருவதோடு, ரூ.20,000 வரம்புக்கு உட்பட்டு அந்த 400 சதவீதத்தையும் தர வேண்டும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். உங்கள் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து ரூ.3,500 என்றால், அன்று மாலையே வேறு விமானத்தில் அனுப்பினாலும் ரூ.7,000 உங்களுக்கு உரியது. மறுநாளுக்கும் அப்பால் தள்ளினால் ரூ.14,000. கட்டணம் ரூ.6,000 என்றால், இரு மடங்கு ரூ.12,000 ஆனாலும் வரம்பின் காரணமாக ரூ.10,000 கிடைக்கும். இது நிறுவனம் இரக்கப்பட்டுத் தரும் பிச்சையன்று. விதிப்படி உங்களுக்குச் சேர வேண்டியது.

விதியைக் கடைப்பிடிக்காத நிறுவனங்களும் தண்டிக்கப்பட்டுள்ளன. பெங்களூர், ஹைதராபாத், தில்லி விமான நிலையங்களில் நடத்திய சோதனைகளுக்குப் பின், நிறுத்தப்பட்ட பயணிகளுக்கு உரிய நஷ்டஈடு வழங்காததற்காக 2022 ஜூன் மாதத்தில் ஏர் இந்தியாவுக்கு டி.ஜி.சி.ஏ. ரூ.10 லட்சம் அபராதம் விதித்தது. இடம் கொடுத்தும், வாங்கிய வகுப்பைவிடத் தாழ்ந்த வகுப்பில் அமர்த்தினால், உள்நாட்டுப் பயணத்தில் டிக்கெட் விலையில் 75 சதவீதத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற விதியும் 2023 பிப்ரவரியில் வந்தது.

ஐரோப்பாவிலிருந்து திரும்பும் மகனோ மகளோ உங்களுக்கு இருந்தால், இதையும் சொல்லி வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகளிலிருந்து புறப்படும் எல்லா விமானங்களுக்கும் பொருந்துமாறு 2005 முதல் நடைமுறையில் உள்ள விதியின்படி, தூரத்துக்கேற்ப 250, 400 அல்லது 600 யூரோ நஷ்டஈடு உண்டு. அங்கும் முதலில் விருப்பமுள்ளவர்களைக் கேட்க வேண்டும் என்பதே சட்டம்.

முந்தைய விமானத்தில் ஏறலாமா?

இதே கணக்கின் மறுபக்கம் ஒன்றும் உள்ளது. மாலை ஏழு மணி விமானத்துக்கு டிக்கெட் வாங்கியவருக்கு வேலை நண்பகலிலேயே முடிந்துவிடுகிறது. மூன்று மணி விமானத்தில் காலி இடம் இருப்பது அவருடைய கண்ணுக்கே தெரிகிறது. "காலியாகத்தானே போகிறது, என்னை ஏற்றிக்கொண்டால் என்ன?" என்று கேட்கிறார். மாற்றுக் கட்டணம் இவ்வளவு, கட்டண வேறுபாடு இவ்வளவு என்று ஒரு பெருந்தொகை சொல்லப்படுகிறது. இது என்ன பேராசை என்று அவர் வெகுண்டெழுகிறார்.

இதற்கும் காரணம் உண்டு. கடைசி நேரத்தில் ஓடி வருபவரே விமானத்தில் மிக அதிகக் கட்டணம் கொடுப்பவர். அவருக்காகவே கடைசி சில இருக்கைகள் உயர்ந்த விலையில் வைக்கப்படுகின்றன. முன்பே மலிவாக வாங்கியவரை இலவசமாக அதில் ஏற்றிவிட்டால், எல்லோரும் மலிவான நேரத்துக்கு வாங்கி, வசதியான நேரத்தில் ஏறத் தொடங்கிவிடுவர் என்று நிறுவனங்கள் அஞ்சுகின்றன.

ஆனால் ஒரு சூழ்நிலையில் உங்கள் விருப்பமும் நிறுவனத்தின் தேவையும் ஒன்றுபடுகின்றன. மாலை விமானம் நிரம்பி வழிகிறது. நண்பகல் விமானத்தில் இடம் இருக்கிறது. அப்போது நீங்கள் முன்னதாகச் சென்றால், மாலையில் ஓர் இருக்கை மிச்சமாகிறது. ஒருவரை நிறுத்தும் அவசியமும் நீங்குகிறது. அமெரிக்க நிறுவனங்கள் சில, அதே நாளில் முந்தைய விமானத்துக்குக் காத்திருந்து ஏறுவதற்கு இப்போது கட்டணம் வாங்குவதில்லை. நம் ஊரில் அப்படி ஒரு பொது விதி இல்லை. எனினும், கவுன்டரில் பணிவோடு இவ்வாறு கேட்பதில் தவறில்லை: "மாலை விமானம் நிறைந்திருக்கிறதா? அப்படியானால் நான் இப்போதே செல்லத் தயார்." கேட்பதற்குக் காசு இல்லை. ஆனால் பதில் கட்டணம் பற்றியதாக இருந்தால், எவ்வளவு என்று தெரிந்துகொண்ட பிறகே சம்மதியுங்கள்.

நேர மாற்றத்தில் வேறோர் ஆபத்தும் உண்டு. 2023 ஜனவரி 18 அன்று, அமிர்தசரஸிலிருந்து சிங்கப்பூர் செல்லும் ஸ்கூட் விமானம், முதலில் அறிவித்த நேரத்துக்குச் சில மணி நேரம் முன்னதாகவே புறப்பட்டுவிட்டது. நேரம் மாறியதை அறியாத ஏறக்குறைய முப்பது பயணிகள் பின்தங்கிவிட்டனர். ஏஜென்ட் மூலம் டிக்கெட் வாங்கும்போது, ஏஜென்ட்டின் எண்ணை மட்டும் கொடுக்காமல், பயணம் செய்பவரின் சொந்தக் கைபேசி எண்ணையும் பதிவு செய்ய வேண்டும் என்பதற்கு இது போதிய பாடம். தொடர்புக்கு வழியில்லாத பயணிக்கு நஷ்டஈடு தர வேண்டியதில்லை என்று நம் நாட்டு விதியும் கூறுகிறது.

நாம் செய்ய வேண்டியவை

நிறுவனம் ஒருவரை நிறுத்த நேரும்போது, கடைசியாகக் கவுன்டருக்கு வருபவரே பெரும்பாலும் அதற்கு ஆளாகிறார். இருக்கை எண் இன்னும் ஒதுக்கப்படாதவர் அவரே. ஆகவே, முன்கூட்டியே கைபேசியில் செக்-இன் செய்துவிடுவது முதல் பாதுகாப்பு. வீட்டில் முதியவர் தனியாகப் பயணம் செய்தால், பிள்ளைகள் முந்தைய நாளே இதைச் செய்து, அச்சிட்ட தாளையும் கையில் கொடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது பாதுகாப்பு, நேரம். உள்நாட்டு விமானத்துக்குப் பொதுவாகப் புறப்படுவதற்கு 60 நிமிடங்களுக்கு முன்பே கவுன்டர் மூடப்படுகிறது. அதற்குப் பிறகு வந்தவர், நிறுத்தப்பட்டவராகக் கருதப்படமாட்டார், வராதவராகவே கருதப்படுவார். நஷ்டஈடு கேட்கும் உரிமையும் அவருக்கு இல்லை. நம் பகுதியினர் இதைச் சிறப்பாக நினைவில் கொள்ள வேண்டும். பூந்தமல்லியிலிருந்து மவுன்ட்-பூந்தமல்லி சாலை வழியே போரூரும் கத்திப்பாராவும் கடந்து செல்வோர், காலை மாலை நெரிசலைக் கணக்கில் சேர்க்க வேண்டும். அம்பத்தூரிலிருந்து திருமங்கலம் சென்று மெட்ரோ ரயிலில் ஏறி, ஆலந்தூரில் மாறினால், விமான நிலையத்தின் வாசலிலேயே இறங்கலாம். ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து அங்கிருந்தும் மெட்ரோவில் செல்லலாம். மழைக்காலத்தில் இந்த வழிகள் காரைவிட நம்பகமானவை.

இடமில்லை என்று கூறினால், ஆத்திரப்பட்டுப் பயனில்லை. கவுன்டரில் நிற்கும் இளைஞரோ இளம்பெண்ணோ டிக்கெட்டை அதிகமாக விற்றவர் அல்லர். அமைதியாக மூன்று கேள்விகள் கேளுங்கள். விருப்பமுள்ளவர்களைக் கேட்டீர்களா? எனக்கு எந்த விமானத்தில் உறுதியான இடம் தருகிறீர்கள்? விதிப்படி எனக்கு உரிய நஷ்டஈடு எவ்வளவு? நிறுத்தியதற்கான காரணத்தை எழுத்தில் தருமாறும் கேளுங்கள். நீங்கள் தாமாகவே விட்டுக்கொடுத்ததாக எழுதப்பட்ட தாளில், அது உண்மையாக இருந்தாலன்றிக் கையொப்பமிடாதீர்கள். அந்த ஒரு கையொப்பம், உங்கள் நஷ்டஈட்டு உரிமையை நிறுவனத்தின் விருப்பத்துக்கு உட்பட்ட சலுகையாக மாற்றிவிடும்.

மறுத்துவிட்டால் என்ன செய்வது? நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதலாம். மத்திய அரசின் ஏர்சேவா இணையதளத்தில் புகார் பதிவு செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். இவற்றாலும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நிறுவனத்தின் அலுவலகம் எங்கிருந்தாலும், புகார் கொடுப்பவர் தாம் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். ஆகவே ஆவடி, பூந்தமல்லி வாசகர்கள் திருவள்ளூர் மாவட்ட ஆணையத்தையும், 2018-இல் சென்னை மாவட்டத்தோடு சேர்க்கப்பட்ட அம்பத்தூர் வாசகர்கள் சென்னை ஆணையத்தையும் அணுகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். இச்சட்டம் வேறு சட்டங்களுக்குக் கூடுதலானது என்பதால், டி.ஜி.சி.ஏ. விதியின் உச்ச வரம்பு உங்களை ஆணையத்துக்குச் செல்லவிடாமல் தடுப்பதில்லை.

நமக்கும் ஒரு கடமை

உரிமையைப் பற்றிப் பேசும்போது கடமையை மறந்துவிடலாகாது. வரப்போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்த பிறகும் டிக்கெட்டை ரத்து செய்யாமல் விட்டுவிடுவோர் நம்மில் பலர். "பணம்தான் திரும்பாதே, ரத்து செய்து என்ன பயன்?" என்று எண்ணுகின்றனர். அடிப்படைக் கட்டணம் திரும்பாவிட்டாலும், அரசு வரியும், விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணமும் பயணம் செய்யாதவருக்குத் திருப்பித் தரப்பட வேண்டியவை. அதைவிட முக்கியமானது வேறு. நாம் முன்கூட்டியே விட்டுக்கொடுக்கும் இருக்கை, அவசரமாகச் செல்ல வேண்டிய மற்றொருவருக்குப் பயன்படும். வருவோர் யார் என்று தெளிவாகத் தெரிந்தால், ஊகித்து அதிகமாக விற்க வேண்டிய சாக்கும் குறையும்.

மற்றொன்றும் உண்டு. "யாராவது அடுத்த விமானத்தில் செல்ல முடியுமா?" என்ற அறிவிப்பு வரும்போது, நம் அவசரம் உண்மையிலேயே எவ்வளவு என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம். விடுமுறைக்குச் செல்லும் இளைஞர்களுக்கு நான்கு மணி நேரத் தாமதம் பெரிய இழப்பன்று. அதற்கு நல்ல விலையும் கிடைக்கலாம். அடுத்த விமானத்தில் இடம் உறுதிதானா, உணவும் தேவைப்பட்டால் தங்கும் இடமும் உண்டா, தரும் தொகை பணமா அல்லது காலாவதியாகும் கூப்பனா என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு சம்மதிக்கலாம். அவர் விட்டுக்கொடுக்காவிட்டால், அந்தச் சுமை கைக்குழந்தையோடு வந்த தாயின் மேலோ, ஆங்கிலமும் இந்தியும் அறியாத முதியவரின் மேலோ விழக்கூடும். வலுக்கட்டாயமாக ஒருவரை நிறுத்தும்போது, வாதாடத் தெரியாதவரே எளிதில் நிறுத்தப்படுகிறார். விருப்பத்தைக் கேட்பது என்ற விதியின் சிறப்பே, எளியவரை அந்த நிலையிலிருந்து காப்பதுதான்.

நிறுவனங்கள் அதிகமாக விற்பதை உடனே நிறுத்திவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆனால் 1972-இல் நிறுத்தப்பட்ட ஒருவர் கேட்ட கேள்வியால் விதிகள் பிறந்தன, 2010-இல் ரூ.4,000 ஆக இருந்தது, கேட்கக் கேட்க ரூ.20,000 ஆயிற்று. கேட்பவர் இருக்கும் இடத்தில்தான் விதி உயிரோடு இருக்கிறது. அடுத்த முறை உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் விமானம் ஏறப் புறப்படும்போது, டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டாயா என்று கேட்பதோடு, இந்த விதிகளையும் ஒருமுறை சொல்லி அனுப்புங்கள்.